யூதாஸ் பவுல்ராஜின் கல்

மிக்கேல்புரம், அகரம் வழி
24 ஆகஸ்ட் 2025, ஞாயிறு

அன்பு அக்காவுக்கு,

நீ என் நம்பரை பிளாக் செய்து இன்றோடு பதினெட்டு நாள். குடும்ப வாட்ஸ்அப் குழுவை விட்டும் போய்விட்டாய். சார்லஸ் மச்சானைக் கூப்பிட்டுப் பார்த்தேன். "மாப்ளே, உங்க அக்கா பக்கத்துலதான் உக்காந்திருக்கா. நான் இப்ப ராங் நம்பர்னு சொல்லி வைக்கப் போறேன்" என்றார். சொன்னபடியே வைத்தும் விட்டார். தபால்காரரை யாரும் பிளாக் செய்ய முடியாது என்பதால் இந்தக் கடிதம். பள்ளிக்கூடத்தில் விடுப்பு கேட்டு எழுதியதற்குப் பிறகு நான் கையால் எழுதும் முதல் கடிதம் இதுதான். தமிழ் டீச்சர் புத்தியைக் காட்டி, சிவப்பு மையில் திருத்தித் திருப்பி அனுப்பிவிடாதே.

விஷயம் உனக்குத் தெரியும். நவம்பர் 16 வந்தால் தாத்தா இறந்து ஒரு வருடம். அதற்கு முன் நவம்பர் 2, கல்லறைத் திருநாள். அன்றைக்குள் கல் நட வேண்டும். கல்லில் எழுத வேண்டியதை ஃபிளெக்ஸ் கடையில் மாதிரி போட்டுக் குழுவில் அனுப்பினேன். "யூதாஸ் பவுல்ராஜ். 1937 - 2024. இயேசுவில் இளைப்பாறுகிறார்." மொத்தம் மூன்று வரி. நீ போட்ட பதில் ஒன்பது வரி. அதன் பிறகு பிளாக்.

நான் பாட்டுக்குக் கல்லை நட்டுவிட்டுப் போயிருப்பேன். பங்குச் சாமியார் விடவில்லை. "யூதாஸ்னு கல்லுல போடறதுன்னா வாரிசுங்க எல்லாரும் கையெழுத்துப் போட்டுக் குடுங்கப்பா. நாளைக்கு ஒருத்தர் வந்து என் சட்டையப் பிடிக்கக் கூடாது" என்கிறார். அப்பாவும் இல்லாத இந்த வீட்டில் வாரிசு என்றால் நீயும் நானும்தான். என் கையெழுத்தைப் போட்டுவிட்டேன். உன்னுடையதற்கு இடம் விட்டிருக்கிறேன். கடிதத்தோடு வைத்த தாளைத் தொலைத்துவிடாதே.

உன் தம்பி,
பிரிட்டோ

பி.கு.: மோட்டார் காயில் கட்டும் கடை இப்போது நன்றாக ஓடுகிறது. நீ கேட்கமாட்டாய், நானே சொல்லிக்கொள்கிறேன்.


தாம்பரம்
1 செப்டம்பர் 2025

பிரிட்டோ,

கடிதம் கிடைத்தது. சிவப்பு மை எடுக்கவில்லை. எடுத்தால் ஒரு பேனா போதாது.

தாளில் கையெழுத்துப் போடாமல் திருப்பி அனுப்புகிறேன். யூதாஸ் என்பவன் யார் என்று ஞாயிறு மறைக்கல்வி வகுப்பில் உனக்கும் சொல்லிக் கொடுத்தார்கள். நீ பின் பெஞ்சில் ஓணானுக்கு நூல் கட்டிக்கொண்டிருந்திருப்பாய். ஆண்டவரை முப்பது வெள்ளிக் காசுக்குக் காட்டிக் கொடுத்தவன் அவன். எந்த ஊர்க் கத்தோலிக்கக் கல்லறையிலாவது அந்தப் பெயரைப் பார்த்திருக்கிறாயா? அதற்கு அடியில் "இயேசுவில் இளைப்பாறுகிறார்" என்று வேறு போடுகிறாய். படிக்கிறவர்கள் என்ன நினைப்பார்கள்? இரண்டு பேருக்கும் சமாதானமாகிவிட்டது என்றா?

தாத்தா எண்பத்தேழு வருடம் வாழ்ந்தார். அதில் முப்பத்தொரு வருடம் பள்ளிக்கூடத்தில் ஓவிய ஆசிரியர். தினமும் பன்னிரண்டு கிலோமீட்டர் சைக்கிளில் போய் வந்தார். ஊரில் நடக்கும் எல்லாக் கல்யாணத்துக்கும் வாழ்த்துப்பா எழுதி, தானே பார்டர் வரைந்து, கண்ணாடிச் சட்டம் போட்டுக் கொடுத்தார். கோயிலுக்குப் பன்னிரண்டு அடியில் கிறிஸ்துமஸ் நட்சத்திரம் கட்டினார். குடிலில் தண்ணீர் ஓட வைத்தார். ஓடிய தண்ணீர் குழந்தை இயேசுவையும் சேர்த்து நனைத்த வருடம் தவிர, எல்லா வருடமும் அது பிரமாதம். எண்பத்து நான்கு வயதில் செல்போனில் வீடியோ வெட்டி ஒட்டக் கற்றுக்கொண்டு, என் பிறந்தநாளுக்கு நான் கேரட் அல்வா கிண்டுவதை இசையோடு அனுப்பினார்.

ஈஸ்டருக்கு ஊரில் போடும் பாஸ்கா நாடகத்தை எழுதியவரும் அவர்தான், இயக்கியவரும் அவர்தான். ரோமன் சிப்பாய்களுக்கு பிளாஸ்டிக் வாளியை வெட்டி, விளக்குமாற்றைச் செருகித் தலைக்கவசம் செய்தவர். தகரத் தகட்டை ஆட்டி இடி இடிக்க வைத்தவர். இத்தனையையும் விட்டுவிட்டு, வருடத்துக்கு ஒரு நாள், நாற்பது நிமிடம் போட்ட யூதாஸ் வேடம்தான் அவர் பெயரா?

"ஓவிய ஆசிரியர் திரு. பவுல்ராஜ்" என்று போடு. அன்றே கையெழுத்துப் போடுகிறேன்.

சார்லஸ் போனுக்கு இனி முயற்சி செய்யாதே. ராங் நம்பர் என்று சொல்லும்போது அவருக்குச் சிரிப்பு வந்துவிடுகிறது.

இப்படிக்கு,
ஓவிய ஆசிரியர் திரு. பவுல்ராஜ் அவர்களின் பேத்தி
ஐரின்


மிக்கேல்புரம்
9 செப்டம்பர் 2025

அன்பு அக்காவுக்கு,

உன் கடிதத்தை இரண்டு முறை படித்தேன். நியாயமாகத்தான் இருக்கிறது. ஆனால் நம் ஊர்க் கல்லறைத் தோட்டத்துக்கு நீ வந்து நாளாகிறது. அங்கே எத்தனை பவுல்ராஜ் இருக்கிறார்கள் தெரியுமா? நான்கு பேர். கிழக்கு மூலையில் மிலிட்டரி பவுல்ராஜ். அவருக்குப் பக்கத்தில் பேண்டு செட் பவுல்ராஜ். நடுப்பாதையில் வாத்தியார் பவுல்ராஜ். கடைசியில் நம் தாத்தா.

வாத்தியார் பவுல்ராஜை மறந்துவிட்டாயா? கணக்கு வாத்தியார். பிரம்பு இல்லாமல் அவரைப் பார்த்தவர்கள் இல்லை. தாத்தா கல்லில் "ஆசிரியர்" என்று போட்டால், அடி வாங்கிய பழைய மாணவர்கள் ஆள் மாறி வந்து கல்லை உதைத்துவிட்டுப் போவார்கள். இதை நான் விளையாட்டுக்குச் சொல்லவில்லை. வாத்தியார் கல்லில் ஏற்கெனவே ஒரு மூலை உடைந்திருக்கிறது.

போன டிசம்பரில் தாத்தாவின் முப்பதாம் நாள் பூசைக்கு நீ வந்துவிட்டு மதியமே கிளம்பிவிட்டாய். சாயந்திரம் நடந்ததை உன்னிடம் சொல்லவில்லை. பேகம்பூர் முகமது பாரூக் பாய் வந்தார். நம் நாடகத்துக்கு முப்பது வருடம் மைக் செட் போட்டவர். கையில் ரோஜா மாலை. நான் போய்ச் சேர்வதற்குள் அவரே உள்ளே போய், மிலிட்டரி பவுல்ராஜ் கல்லறைக்கு மாலை போட்டு, பக்கத்தில் உட்கார்ந்துவிட்டார்.

"மாஸ்டர், மைக்குக்கு முன்னாடி நின்னு பேசுங்க, நின்னு பேசுங்கன்னு முப்பது வருசமா கத்துனேன். ஒரு வருசமாச்சும் கேட்டீங்களா? மேடையில அங்கிட்டும் இங்கிட்டும் ஓடிக்கிட்டே இருந்தீங்க. இப்ப நான் பேசுறேன், நீங்க அசையாமக் கேளுங்க" என்று அரை மணி நேரம் அழுதிருக்கிறார். மிலிட்டரிக்காரரின் பேரன் பின்னால் நின்று பொறுமையாகக் கேட்டுவிட்டு, கடைசியில், "பாய், எங்க தாத்தா நாடகமே பாக்க மாட்டாரு" என்றானாம்.

பாய் எழுந்து மாலையைக் கழற்றிக்கொண்டு கேட்ட ஒரே கேள்வி: "அப்ப நம்ம யூதாஸ் எங்கப்பா?"

உடனே குழி வெட்டும் ஆள் கை காட்டினான். ஒரு நொடிகூட யோசிக்கவில்லை. அக்கா, நான் சொல்ல வருவது இதுதான். பவுல்ராஜ் என்று கேட்டால் தாத்தா கிடைப்பதில்லை. யூதாஸ் என்று கேட்டால்தான் கிடைக்கிறார்.

பாய் அன்றைக்கு 1989 கதையைச் சொன்னார். உனக்குப் பன்னிரண்டு வயது, நீ முன் வரிசையில் இருந்தாய். யூதாஸ் தூக்கு மாட்டிக்கொள்ளும் காட்சிக்குத் தாத்தா அங்கிக்குள் டிராக்டர் பெல்ட்டைக் கட்டி, கிணற்று உருளையில் கொக்கி மாட்டி, மரத்தில் தொங்கினார். திரை மூடியதும் இறக்க வேண்டும். கொக்கி சிக்கிக்கொண்டது. அடுத்த காட்சி பிலாத்து விசாரணை. வேறு வழியில்லாமல் திரையைத் தூக்கிவிட்டார்கள். செத்த யூதாஸ் மேலே தொங்க, கீழே பிலாத்து வந்து கை கழுவினார். கழுவினார், கழுவினார், கழுவிக்கொண்டே இருந்தார். வசனம் மறந்துவிட்டது. அப்போது மேலேயிருந்து பிணம் மெதுவாகச் சொன்னது: "இந்த நீதிமானுடைய ரத்தத்தில் எனக்குப் பங்கில்லை. சொல்லுடா!"

மரத்தில் கட்டியிருந்த மைக்கை மட்டும் பாய் அணைக்க மறந்திருந்தார். "சொல்லுடா"வும் சேர்ந்து அகரம் வரைக்கும் கேட்டது.

இன்னொன்று. தாத்தா நடிப்பதை விட்ட பிறகு துணிப் பொம்மையை வைத்து, தன் குரலைப் பதிவு செய்து கொடுத்திருந்தார் இல்லையா? இந்த ஈஸ்டருக்கும் அந்தக் குரல்தான் ஒலித்தது. செத்து ஐந்து மாதம் ஆன பிறகும் தாத்தா வந்து ஆண்டவரைக் காட்டிக் கொடுத்தார். யூதாஸுக்காக ஊரே அழுது நான் பார்த்தது அன்றைக்குத்தான்.

தாளை மறுபடி வைத்திருக்கிறேன்.

உன் தம்பி,
பிரிட்டோ


தாம்பரம்
20 செப்டம்பர் 2025

பிரிட்டோ,

"சொல்லுடா"வைப் படித்துவிட்டு ஆசிரியர் அறையில் தனியாகச் சிரித்தேன். அதை ஒத்துக்கொள்கிறேன். கையெழுத்துப் போடவில்லை. தாள் திரும்பி வருகிறது.

நீ கதையெல்லாம் சொல்கிறாய். நானும் ஒரு கதை சொல்கிறேன். உனக்குத் தெரிந்த கதைதான். ஆனால் உன் நினைவில் அது பிரியாணிக் கதையாக மட்டும் இருக்கும்.

2001 ஆகஸ்ட். வத்தலக்குண்டிலிருந்து எனக்கு மாப்பிள்ளை வீடு. பையனுக்கு பேங்க் வேலை. எல்லாம் பேசி முடித்து, உறுதி செய்ய இரண்டு காரில் வந்தார்கள். நாற்பது பேருக்குச் சமையல். நான் புதுச் சேலையில் உட்கார்ந்திருக்கிறேன். வழி தெரியாமல் அகரம் டீக்கடையில் நிறுத்தியிருக்கிறார்கள். அதன் பிறகு நடந்ததை டீக்கடைக்காரரே நம் வீட்டுக்கு வந்து, ஏதோ உதவி செய்ததைப் போலப் பெருமையாகச் சொன்னார்.

"பவுல்ராஜ் வீடு எங்கிட்டு இருக்கு?"

"எந்தப் பவுல்ராஜு?"

"வாத்தியாரா இருந்தவரு."

"அவரு செத்து மூணு வருசமாச்சே."

"இல்லைங்க, பேத்தி ஐரின்னு, தமிழ் படிச்ச பிள்ளை."

"அடடே, நம்ம யூதாஸ் வீடா! அதை மொதல்லயே சொல்றதுக்கென்ன? யூதாஸ்னு கேட்டா பச்சப்பிள்ளைகூட வழி காட்டுமே!"

கார் இரண்டும் திரும்பிப் போய்விட்டன. பையனின் அம்மா சொன்னது மறுநாள் நம் காதுக்கு வந்தது. "யூதாஸ் வீட்டுல பொண்ணு எடுத்தா, நாளப்பின்ன எம்புள்ளயக் காட்டிக் குடுத்துருவா." நாற்பது பேர் பிரியாணியை நாம் மூன்று நாள் சாப்பிட்டோம். நீதான் அதிகம் சாப்பிட்டாய்.

எனக்கு அந்த பேங்க் பையனைப் பற்றி வருத்தமில்லை. சார்லஸ் கிடைத்தார். பெண் பார்க்க வந்தபோது, "நானும் முப்பது காசு வாங்காமத்தான் கட்டிக்கிறேன்" என்று ஜோக் அடித்தார். அந்த ஜோக்கை இன்றுவரை நிறுத்தவில்லை. அதையும் தாங்கிக்கொள்கிறேன்.

என் வருத்தம் அதற்கு அடுத்த ஈஸ்டர். 2002. எனக்கு இப்படி நடந்து எட்டு மாதம்தான் ஆகியிருந்தது. ஒரே ஒரு வருடம், எனக்காக, யூதாஸின் அந்த மஞ்சள் அங்கியை இன்னொருவரிடம் கொடுத்திருக்கலாம். கேட்டவர்களும் இருந்தார்கள். தாத்தா கொடுக்கவில்லை. மறுபடி அவரே போட்டார். நான் வீட்டுக்குள் கதவைச் சாத்திக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். பாரூக் பாயின் மைக்கில் அவர் குரல் கதவைத் தாண்டி வந்தது. எழுபத்திரண்டு வயதில் பொம்மை செய்தபோதுகூடக் குரலை விட்டுக்கொடுக்கவில்லை. அந்த வேடத்தின் மேல் அவ்வளவு ஆசை. என்னைவிட.

இதை நான் அவரிடம் கேட்டதில்லை. அவரும் சொன்னதில்லை. இப்போது அந்தப் பெயரைக் கல்லில் வேறு வெட்டி, அதற்கு நான் கையெழுத்தும் போட வேண்டுமா?

ஓவிய ஆசிரியர் திரு. பவுல்ராஜ் அவர்களின் பேத்தி
ஐரின்


மிக்கேல்புரம்
5 அக்டோபர் 2025

அன்பு அக்காவுக்கு,

பதில் எழுத இரண்டு வாரம் ஆகிவிட்டது. பிரியாணியைப் பற்றி நீ சொன்னது உண்மைதான். எனக்குப் பதினெட்டு வயது. யாரும் எதுவும் பேசாத வீட்டில், சாப்பிடுவதைத் தவிர எனக்கு வேறு வேலை தெரியவில்லை.

உன் கடிதத்தை மரியசெல்வம் அண்ணனிடம் படித்துக் காட்டினேன். கோபித்துக்கொள்ளாதே. 2002-ல் அந்த வேடத்தைக் கேட்டவர் அவர்தானே என்று விசாரிக்கத்தான் போனேன். அவர், "ஆமா அப்பு, நாந்தான் கேட்டேன். மாஸ்டரு என் மூஞ்சியச் செத்த நேரம் உத்துப் பாத்தாரு. 'இந்த மூஞ்சியில யூதாஸ் இல்லைடா. நீ போயி ஆட்டுக்குட்டிய மேய்க்கிற இடையனா வா'ன்னுட்டாரு. இருபத்து மூணு வருசமாக் கண்ணாடி பாக்குறப்பல்லாம் யோசிக்கிறேன், இந்த மூஞ்சிக்கு என்னடா கொறச்சல்னு" என்றார்.

வீட்டுக்கு வந்து நாடகப் பெட்டியைத் திறந்தேன். வாளித் தலைக்கவசம், தகரத் தகடு, நம் கடையில் வாங்கிய முப்பது வாஷர் போட்ட காசுப்பை, எல்லாம் இருந்தன. அடியில் தாத்தாவின் நாடக நோட்டு. வருடா வருடம் யாருக்கு என்ன வேடம், என்ன கோளாறு என்று எழுதியிருக்கிறார். யூதாஸ் வரிகளை மட்டும் உள்ளபடி எழுதுகிறேன்.

"1966. யூதாஸ்: சூசைமாணிக்கம். வீட்டில் பெண் பார்க்கிறார்களாம், மாட்டேன் என்கிறான். இந்த ஒரு வருடம் மட்டும் நான்."

"1967. இந்த வருடமும் மட்டும் நான்."

அதற்குப் பிறகு வெறும் "நான்" என்று பல வருடம் போகிறது.

"1989. நான். கொக்கி மாற்ற வேண்டும். பிலாத்து வசனமே படிக்கவில்லை."

இனி நீ படிக்க வேண்டியது.

"2002. வேடத்தை விட்டுவிடலாம் என்றிருந்தேன். மரியசெல்வம் கேட்டான். நன்றாகச் செய்வான். ஆனால் அவனுக்கு மூன்று பெண் பிள்ளைகள். நம் வீட்டுக்கு வந்த பெயர் நம்மோடு இருக்கட்டும், இன்னொரு வீட்டுக்கு எதற்கு. நான். ஐரினிடம் சொல்ல வேண்டும்."

"2003. நான். ஐரினிடம் இன்னும் சொல்லவில்லை."

"2004. நான். ஐரின் கல்யாணம் நல்லபடியாக முடிந்தது. மாப்பிள்ளை ஜோக் அடிக்கிறார், பரவாயில்லை. கோடை லீவில் வரும்போது சொல்லலாம்."

"2005. நான். லீவுக்கு வந்தாள். சொல்லவில்லை."

"2009. டாக்டர் இனித் தொங்கக் கூடாது என்கிறார். யூதாஸ்: துணிப் பொம்மை. குரல் நான். பொம்மைக்கு யாரும் பெண் கேட்டு வரப்போவதில்லை."

இவ்வளவுதான் அக்கா. மரியசெல்வம் அண்ணனிடம் நோட்டைக் காட்டினேன். அவருடைய மூன்று பெண்களும் நல்ல இடத்தில் இருக்கிறார்கள், உனக்கே தெரியும். விரல் வைத்து அந்தப் பக்கத்தைப் படித்தார். பிறகு, "அப்ப என் மூஞ்சி நல்லாத்தான் இருந்திருக்கு" என்று சொல்லிவிட்டு எழுந்து போய்விட்டார்.

இந்த முறை தாளை வைக்கவில்லை. உனக்கு வேண்டுமென்றால் "ஓவிய ஆசிரியர்" என்றே போட்டுவிடுகிறேன்.

உன் தம்பி,
பிரிட்டோ


தாம்பரம்
14 அக்டோபர் 2025

பிரிட்டோ,

ஒவ்வொரு லீவுக்கும் நான் வரும்போது தாத்தா திண்டுக்கல் பஸ் ஸ்டாண்டுக்கு வருவார். பையை வாங்கிக்கொள்வார். "ஐரினு, ஒண்ணு சொல்லணும்" என்பார். நான் "என்ன?" என்பேன். பையைத் தோள் மாற்றிக்கொண்டு, "தாம்பரத்துல தண்ணி எப்படி?" என்பார். இருபது வருடமாக நான் தாம்பரத்துத் தண்ணீரைப் பற்றி அவருக்கு விளக்கமாகப் பதில் சொல்லிக்கொண்டிருந்தேன்.

தாள் நீ அனுப்பாவிட்டால் என்ன? முதல் தாளை நகல் எடுத்து வைத்திருந்தேன். அதில் கையெழுத்துப் போட்டு அனுப்பியிருக்கிறேன். நீ முதலில் சொன்ன மூன்று வரியே இருக்கட்டும்.

ஒரே ஒரு நிபந்தனை. கல் செதுக்குகிறவருக்கு உன் கையால் எழுதிக் கொடுக்காதே. உன் எழுத்து எனக்கே புரிவதில்லை. கம்ப்யூட்டரில் அடித்துக் கொடு.

ஐரின்


மிக்கேல்புரம்
4 நவம்பர் 2025

அன்பு அக்காவுக்கு,

நான் கையால்தான் எழுதிக் கொடுத்தேன். முதலிலேயே சொல்லிவிடுகிறேன், பிறகு நீ திட்டுவதற்குச் சௌகரியமாக இருக்கும்.

அக்டோபர் 25 சனிக்கிழமை கல்லை நட்டார்கள். அன்றைக்கு நான் ரெட்டியார்சத்திரத்தில் ஒரு தோட்டத்து மோட்டாருக்குள் தலையை விட்டுக்கொண்டிருந்தேன். மறுநாள் பூசைக்குப் போகும்போதுதான் பார்த்தேன். நல்ல கறுப்புக் கல். அழகான எழுத்து. "யூதா பவுல்ராஜ்" என்று இருக்கிறது.

ஸ் இல்லை.

கல் செதுக்கிய பொன்னழகுவிடம் ஓடினேன். அவர் நிதானமாக, "தம்பி, நீங்க எழுதுனதுல அந்த எழுத்து ஏதோ பேனா கிறுக்குன மாதிரி இருந்துச்சு. நமக்கு உங்க சாமி பேரெல்லாம் தெரியாது. பக்கத்து வீட்டு வியாகுலம்மாள் அக்காகிட்ட கேட்டேன். 'யூதாஸ்னு எவனாச்சும் கல்லுல போடுவானா? யூதான்னு இருக்கும்பா. யூதா ததேயு. கை விட்டுப்போன காரியத்துக்கெல்லாம் வேண்டிக்கிற பெரிய சாமி'ன்னாங்க. அதான் தப்பைத் திருத்திட்டேன்" என்றார். திருத்தியதற்கு நான் நன்றி சொல்வேன் என்று எதிர்பார்த்து நின்றார்.

இதற்கு மேல் நடந்ததை நீ நம்ப வேண்டும். அக்டோபர் 28 புனித யூதா ததேயு திருநாள். வியாகுலம்மாள் போய் முதல் மெழுகுதிரி ஏற்றினார். அவர் தோட்டத்து போர் மோட்டார் எரிந்துபோய் பத்து நாள். மறுநாள் மோட்டார் ஓடியது. அந்த மோட்டாருக்குக் காயில் கட்டியது நான், அக்கா. இரண்டு நாள் முதுகு வலிக்க உட்கார்ந்து கட்டினேன். ஆனால் அந்த அம்மா ஊர் முழுக்க, "யூதா பவுல்ராஜுகிட்ட கேட்டேன், குடுத்துட்டாரு" என்று சொல்லிவிட்டார்.

கல்லறைத் திருநாளன்று தாத்தா முன்னால் கூட்டம். விசா வராதவன், தேர்வில் மூன்று முறை தோற்றவள், மாடு சினை பிடிக்காதவர். யாரென்றே தெரியாத ஒருவர் தாளில் விண்ணப்பம் எழுதி, கல்லுக்கு அடியில் செருகிவிட்டுப் போனார். பாரூக் பாய் ஊதுபத்தி கொளுத்திவிட்டு, "மாஸ்டர், இம்புட்டுக் கூட்டம் நாடகத்துக்குக்கூட வரலையே" என்றார்.

மரியசெல்வம் அண்ணன் மட்டும் கூட்டத்தைப் பார்த்துவிட்டு, இது வேறு யாரோ பெரிய மனிதருடையது என்று நினைத்து, மிலிட்டரி பவுல்ராஜுக்கு மெழுகுதிரி ஏற்றிவிட்டு வீட்டுக்குப் போய்விட்டார். மிலிட்டரியின் பேரன் இப்போது என்னைப் பார்த்தாலே வேறு பக்கம் திரும்பிக்கொள்கிறான்.

சாமியாருக்கும் இது பிடித்திருக்கிறது. "யூதாஸைவிட யூதா நல்லாத்தானப்பா இருக்கு. அப்படியே விட்டுரு" என்கிறார். எனக்கும் இப்போது அப்படித்தான் தோன்றுகிறது. நீ கேட்ட மரியாதை கிடைத்துவிட்டது. இனி யாரும் உன்னை ஒன்றும் சொல்ல முடியாது. போனது ஒரு எழுத்துதானே?

சேர்க்க வேண்டும் என்றாலும் கஷ்டம். "யூதா"வுக்கும் "பவுல்ராஜ்"ஜுக்கும் நடுவில் ஒரு விரல் இடம்தான் இருக்கிறது. நெருக்கிப் போட்டால் பார்க்க அசிங்கமாக இருக்கும் என்று பொன்னழகு சொல்கிறார்.

உன் தம்பி,
பிரிட்டோ


தாம்பரம்
8 நவம்பர் 2025

பிரிட்டோ,

இருபத்து நான்கு வருடம் தமிழ் சொல்லிக் கொடுக்கிறேன். ஒரு எழுத்துதானே என்று என்னிடம் சொன்ன எந்த மாணவனும் அதை இரண்டாவது முறை சொன்னதில்லை.

அந்த ஸ்-ஐப் போடச் சொல்.

தாத்தா புனிதர் இல்லை. விசா வாங்கித் தரமாட்டார். மாட்டைப் பற்றி அவருக்கு ஒன்றும் தெரியாது. கேட்க வேண்டியதைக் கேட்கவும் மாட்டார், சொல்ல வேண்டியதைச் சொல்லவும் மாட்டார், தண்ணீரைப் பற்றி விசாரிப்பார். ஊரில் யாருக்கும் வேண்டாத ஒரு பெயரை எடுத்து, வேறு வீட்டுப் பிள்ளைகள் மேல் படாமல் கடைசி வரைக்கும் தானே வைத்துக்கொண்டார். இப்போது வியாகுலம்மாள் அதை அவரிடமிருந்து பறித்து, வேறொருவர் பெயரை ஒட்டிவிட்டார். இத்தனை வருடம் பழி சுமந்தவர் அவர். பெயர் மட்டும் ததேயுவுக்கா?

நெருக்கினால் அசிங்கமாக இருக்குமாம். இருக்கட்டும். தாத்தா எந்த வருடம் நேரத்துக்கு மேடைக்கு வந்திருக்கிறார்? உள்ளே தகரத்தை ஆட்டி, சிப்பாய்க்கு வாளியை மாட்டி, இடுப்பில் ஸ்க்ரூ டிரைவரோடு கடைசி நொடியில் இரண்டு பேருக்கு நடுவில் இடித்துக்கொண்டு நுழைவார். அந்த எழுத்தும் அப்படியே நுழையட்டும்.

விண்ணப்பங்களை எடுத்துக் கோயிலில் யூதா ததேயு சுரூபத்தின் காலடியில் வை. பாவம், அவர்கள் காரியம் சரியான விலாசத்துக்குப் போகட்டும். மரியசெல்வம் அண்ணனுக்கு நீயே ஒரு மெழுகுதிரி வாங்கிக் கொடு.

16-ம் தேதி வருட பூசைக்கு நானும் சார்லஸும் 15 சனிக்கிழமை காலை வருகிறோம். அதற்குள் ஸ் இருக்க வேண்டும். நீ பஸ் ஸ்டாண்டுக்கு வராதே. உன் நம்பரைத் திறந்துவிட்டேன், ஆனாலும் போன் செய்து வழி சொல்லாதே. அகரம் டீக்கடையில் நானே இறங்கி, "பவுல்ராஜ் கல்லறைக்கு எப்படிப் போகணும்?" என்று கேட்கப் போகிறேன். "எந்தப் பவுல்ராஜு?" என்று கேட்பார்கள்.

கேட்கட்டும். இருபத்து நான்கு வருடமாக அதற்குப் பதில் வைத்திருக்கிறேன்.

இப்படிக்கு,
யூதாஸ் பேத்தி
ஐரின்